அடுத்த சீட்டில் ஒரு காதல்

1930-ஆம் ஆண்டின் வசந்தகாலம். ஈராக் பாலைவனத்தில் உகைதிர் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கார் மணலில் புதைந்துவிட்டது. சக்கரம் சுழலச் சுழல இன்னும் ஆழமாக இறங்கியது. மண்டையைப் பிளக்கும் வெயில். உதவி எப்போது வரும், வருமா என்பதுகூடத் தெரியாது. காரில் வந்த பெண்ணுக்கு 39 வயது. விவாகரத்தானவர், பத்து வயது மகளுக்குத் தாய். கூட வந்த இளைஞருக்கு 25. அகழாய்வு முகாம் ஒன்றில் உதவியாளர். முகாம் தலைவரின் மனைவி, "இந்த அம்மாவுக்கு ஊரைச் சுற்றிக்காட்டி பாக்தாத்தில் கொண்டுபோய் விடு" என்று உத்தரவு போட்டிருந்ததால் வந்தவர். இருவருக்கும் பழக்கம் சில நாட்கள்தான்.

அந்தப் பெண் புலம்பவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. காரின் நிழலில் படுத்தார், தூங்கிவிட்டார். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டதாக அந்த இளைஞர் பிற்பாடு அவரிடம் சொன்னார்.

அவர் பெயர் மாக்ஸ் மாலோவன். தூங்கிய பெண், அகதா கிறிஸ்டி.

துப்பறியும் கதைகளின் ராணியாக நமக்குத் தெரிந்தவர் வாழ்ந்து காட்டியது அச்சு அசல் பயணக் காதல் நாவல். முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரு வழி, நடுவில் ஒரு தடங்கல், கொஞ்சம் சிரிப்பு, கடைசியில் கல்யாணம். இந்த வகைக் கதைகளுக்கு இப்போது மறுபடியும் நல்ல காலம். அமெரிக்க எழுத்தாளர் எமிலி ஹென்றியின் ‘பீப்பிள் வி மீட் ஆன் வெகேஷன்' 2021-இல் வந்து விற்பனைப் பட்டியலில் ஏறியது, 2026 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது. ரீல்ஸில் புத்தகம் காட்டும் பெண்கள் கையில் அது அடிக்கடி தென்படுகிறது. அமெரிக்காவின் பேருந்து, ஐரோப்பாவின் ரயில் என்று நடக்கும் இந்தக் கதைகளை நம் ஊர்ப் பெண்கள் ஏன் இவ்வளவு ஆசையாகப் படிக்கிறார்கள்? ‘லேசான கதை, பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டால் இதற்குப் பதில் கிடைக்காது.

மிலானில் தவறிய ரயில்

அகதாவின் கதையை இன்னும் கொஞ்சம் தொடர்வோம். அவர் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பியது 1928-இல். கணவர் வேறொரு பெண்ணை நேசித்துப் பிரிந்துபோயிருந்தார். மனசு மாற வெஸ்ட் இண்டீஸ் போகலாம் என்று டிக்கெட்டும் வாங்கியாயிற்று. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு விருந்தில் சந்தித்த தம்பதி பாக்தாத் பற்றிப் பேசினார்கள். அங்கே ரயிலிலேயே போகலாம் என்று கேட்டதும் அகதா மறுநாள் காலையே டிக்கெட்டை மாற்றிவிட்டார். ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் இஸ்தான்புல், அங்கிருந்து டமாஸ்கஸ், பிறகு பாலைவனம் தாண்டும் பேருந்தில் பாக்தாத். 1930-இல் இரண்டாவது முறை போனபோதுதான் ‘ஊர்' என்ற நகரத்தின் அகழாய்வு முகாமில் மாக்ஸைச் சந்தித்தார்.

மணலில் புதைந்த காரை, ஒரு ஃபோர்டு வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த பெதுவின்கள் தூக்கிவிட்டார்கள். இங்கிலாந்து திரும்பும் வழியில் ஏதென்ஸில் அகதாவுக்குத் தந்தி காத்திருந்தது: மகளுக்கு நிமோனியா. பதறிப்போய்த் தெருவில் நடந்தவர் பள்ளத்தில் கால் இடறிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மாக்ஸ் கிரேக்கத்தில் சுற்றிப்பார்க்க வைத்திருந்த திட்டத்தை விட்டுவிட்டு, கட்டுத்துணி வாங்கி வந்து, ‘நானும் கூட வருகிறேன்' என்று சேர்ந்து ரயிலேறினார். மிலான் ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பழம் வாங்க இருவரும் இறங்கினார்கள். பழத்தோடு திரும்பினால் ரயிலைக் காணோம். பெட்டி படுக்கை எல்லாம் அதில். வாடகைக் கார் பிடித்து, மலைப்பாதையில் விரட்டிக்கொண்டு போய், டோமோடோசொலா ஸ்டேஷனில் அந்த ரயிலைப் பிடித்தார்கள். கையில் இருந்த காசெல்லாம் கார் வாடகைக்கே போயிற்று.

இதை நாவலில் எழுதினால், ‘ரொம்பத்தான் கற்பனை' என்று சொல்லிவிடுவோம்.

மாக்ஸ் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அகதா சம்மதித்துவிடவில்லை. பதினான்கு வயது வித்தியாசம், மதம் வேறு, ஏற்கெனவே பட்ட காயம் என்று காரணங்களை அடுக்கி நெடுநேரம் வாதாடினார். வாரக்கணக்கில் யோசித்தார். மகளிடம் கேட்டார். மாக்ஸ் நச்சரிக்கவில்லை, காத்திருந்தார். 1930 செப்டம்பர் 11 அன்று எடின்பரோவில் திருமணம். 1976-இல் அகதா இறக்கும் வரை அந்த வாழ்க்கை நீடித்தது.

இந்தக் காத்திருப்பை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பயணக் காதல் கதைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நல்ல கதைகளில் எல்லாம் அந்தப் பெண் எந்த ஸ்டேஷனிலும் இறங்கிப் போய்விடலாம். போனால் கூட வருபவன் தடுக்கமாட்டான். அவள் இறங்காமல் இருப்பதுதான் அங்கே காதல். அவளை இறங்கவிடாமல் துரத்தும் கதைகளும் நிறைய உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

---
பெட்டிச் செய்தி
பிளாட்பாரத்தில் பிறந்த புத்தகங்கள்

ரயிலில் காதலிப்பதற்கு முன்பே மனிதர்கள் ரயிலில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் டபிள்யூ.ஹெச். ஸ்மித் 1848-இல் புத்தகக் கடை திறந்தது. அதையொட்டி, வழியில் படித்து முடிக்கும்படியான மலிவு விலை நாவல்களை ரூட்லெட்ஜ் நிறுவனம் ‘ரயில்வே லைப்ரரி' என்ற வரிசையாகவே வெளியிட்டது. இந்தியாவில் ஏ.ஹெச். வீலர் 1877-இல் அலகாபாத்தில் தொடங்கப்பட்டது. ருட்யார்ட் கிப்ளிங்கின் ஆரம்பகாலக் கதைகள் பல 1888-இல் வீலரின் ரயில்வே வரிசையில் நூலாயின. தெற்கே, 1844-இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸின் கடைகள் ஸ்டேஷன்தோறும் வந்தன.

பெங்குவின் பேப்பர்பேக் உருவானதற்கும் ரயிலடிதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அகதா கிறிஸ்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பதிப்பாளர் ஆலன் லேன், எக்ஸிடர் ஸ்டேஷனில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் தவித்தாராம். 1935-இல் ஆறு பென்ஸ் விலையில் முதல் பத்துப் பெங்குவின்கள் வந்தன. அவற்றில் ஒன்று அகதாவின் நாவல்.

தமிழில் 1969-இல் தொடங்கிய ராணிமுத்து, பிறகு மாலைமதி, அதன்பின் பாக்கெட் நாவல்கள் என்று பஸ் ஸ்டாண்டுக் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் இதே பரம்பரையைச் சேர்ந்தவைதான்.
---

ஒரு பேருந்து, ஒரு போர்வை

இந்த வகைக்கு இலக்கணம் வகுத்த கதை ஒரு பேருந்தில் நடக்கிறது. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய ‘நைட் பஸ்' 1933-இல் ஒரு பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டே ஃபிராங்க் காப்ரா அதை ‘இட் ஹாப்பன்டு ஒன் நைட்' என்று படமாக்கினார். அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் கோடீஸ்வரப் பெண், வேலை போன பத்திரிகையாளன். ஃப்ளோரிடாவிலிருந்து நியூயார்க் போகும் பேருந்தில் ஒரே சீட்டுக்குச் சண்டை போட்டு அறிமுகமாகிறார்கள். அவள் பெட்டி திருடு போகிறது. மழையால் பாலம் உடைந்து, ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டிய நிலை. அவன் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, அதில் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான்.

அந்தப் போர்வையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது வெறும் துணி; கை வைத்தால் விலகிவிடும். தாழ்ப்பாளோ பூட்டோ கிடையாது. அவன் அதைத் தாண்ட மாட்டான் என்பதுதான் அதன் பலம் முழுவதும். படம் பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் நம்பிக்கை வருவது அங்கேதான், அவளுக்கும் அப்படியே. பணக்காரப் பெண்ணை ஏழை மடக்கும் கதையாகப் போயிருக்க வேண்டியதை, மதிக்கத் தெரிந்த ஒருவனை ஒரு பெண் அடையாளம் காணும் கதையாக மாற்றியது அந்தக் கயிறும் போர்வையும்.

சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் ஒருசேர வாங்கிய முதல் படம் அது. கதாநாயகி கிளாடெட் கோல்பெர்ட்டுக்குப் படத்தின்மீது நம்பிக்கையே இருக்கவில்லை. விருது அறிவித்தபோது அவர் ஊருக்குக் கிளம்பி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து அழைத்து வரப்பட்டு, பயண உடையிலேயே மேடையேறி வாங்கிக்கொண்டார்.

கதை நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. சென்னையின் ஏவி.எம். 1956-இல் ராஜ்கபூர், நர்கீஸை வைத்து ‘சோரி சோரி' எடுத்தது. 1991-இல் மகேஷ் பட்டின் ‘தில் ஹை கி மான்தா நஹீன்', அதிலிருந்து 2000-இல் தமிழில் ‘காதல் ரோஜாவே'. 2007-இல் வந்த ‘ஜப் வி மெட்' வேறு கதை என்றாலும் அதே ரத்தம்: வாயாடிப் பெண், வாழ்க்கை வெறுத்த இளைஞன், நடுராத்திரியில் கைவிட்டுப் போகும் ரயில். அது 2009-இல் பரத், தமன்னா நடிப்பில் ‘கண்டேன் காதலை' ஆயிற்று.

இறங்கச் சொல்லிக் கேட்பது எப்படி?

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘பிஃபோர் சன்ரைஸ்' 1995-இல் வந்தது. புடாபெஸ்டிலிருந்து வரும் ரயிலில் ஒரு தம்பதி உரக்கச் சண்டை போடுகிறார்கள். சத்தம் தாங்காமல் பிரெஞ்சுப் பெண் செலின் எழுந்து வேறு இடத்தில் உட்கார, அந்தப் பக்கம் அமெரிக்க இளைஞன் ஜெஸ்ஸி. வியன்னாவில் அவன் இறங்க வேண்டும். அவள் பாரிஸ் வரை போகிறவள். தன்னோடு இறங்கும்படி அவன் கேட்கிறான். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு யோசனையாக முன்வைத்து, பதிலை அவளிடம் விட்டுவிடுகிறான். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். விடியும்வரை ஊரைச் சுற்றிப் பேசுகிறார்கள். படம் முழுவதும் அவ்வளவுதான்.

இயக்குநர் தன் இளமையில் ஃபிலடெல்ஃபியாவில் தற்செயலாகச் சந்தித்த ஒரு பெண்ணோடு இரவு முழுக்கப் பேசித் திரிந்த அனுபவம்தான் அந்தப் படத்துக்கு வித்து. 2004, 2013 என்று ஒன்பது ஆண்டு இடைவெளியில் அதே ஜோடியை வைத்து இன்னும் இரண்டு படங்கள் எடுத்தார். மூன்றாவது படத்தில் அவர்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஓட்டல் அறையில் ஒருவரையொருவர் வார்த்தையால் கிழிக்கிறார்கள். முதல் படத்தின் ரயிலில் சண்டை போட்ட தம்பதியின் இடத்துக்கே இவர்களும் வந்து சேர்கிறார்கள். பயணக் காதலை இத்தனை தூரம் பின்தொடர்ந்து போன கலைஞர்கள் குறைவு. பெரும்பாலான நாவல்கள் ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்ததோடு முடித்துவிடும்.

---
பெட்டிச் செய்தி
மனசு ஏன் இளகுகிறது?

கனடாவின் வான்கூவர் அருகே கபிலானோ ஆற்றின் மேல் ஆடும் தொங்குபாலம் ஒன்று உண்டு. ஆற்றிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரம். டட்டன், ஆரோன் என்ற உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பாலத்தில் ஒரு பெண் ஆண்களிடம் கேள்விகள் கேட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். உறுதியான, தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களே அதிகமாகப் போன் செய்தார்கள். பயத்தில் அடிக்கும் நெஞ்சை ஈர்ப்பு என்று மனசு எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் விளக்கம்.

நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோவின் புறநகர் ரயில் பயணிகளிடம் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. பக்கத்து சீட்காரரோடு பேசுவது சங்கடமாக இருக்கும், தனியாகப் போவதே சுகம் என்றுதான் பலர் முன்கூட்டி நினைத்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னார்கள்.
---

"எந்த ஊரு? யாரு வீடு?"

இனி நம் வண்டிக்கு வருவோம். செலினும் ஜெஸ்ஸியும் ரொம்ப நேரம் பேசிய பிறகுதான் பேரையே கேட்டுக்கொள்கிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் அது நடக்குமா? எழும்பூரில் வண்டி நகர்ந்து தாம்பரம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டு அத்தை, "எந்த ஊரும்மா? ஊருல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டு முடித்திருப்பார். இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாஞ்சையோடு நீட்டுகிற கைதான் அது. ஆனால் அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். குலதெய்வத்தைச் சொன்னால் மிச்சமும் தெரிந்துவிடும்.

தமிழில் பயணக் காதல் எழுதுவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். ஐரோப்பியக் கதையில் முன்பின் தெரியாதவர்கள் என்றால் அப்படியே தெரியாதவர்கள். இங்கே அரை மணி நேரத்தில் ஆளை ஊர், தெரு, உறவுமுறைக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அரும்பும் காதலுக்குப் பின்னால் இரண்டு ஊர்கள் வந்து நின்றுகொள்ளும். காதல் கல்யாணத்துக்காகக் கொலை விழுகிற நிலத்தில், ‘யாரு வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வி இல்லாத எட்டு மணி நேரம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு நாவலை அவள் தேடிப் படிப்பதற்கு ஒரு காரணம் அதுதான் என்று நம்புகிறேன். வியன்னாவைப் பார்க்க ஆசை ஒரு பக்கம். யாருடைய மகளாகவும் தங்கையாகவும் இல்லாமல் ஒரு ராத்திரி தெருவில் நடக்க ஆசை இன்னொரு பக்கம்.

இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டிய தமிழ்ப் படம் 1996-இல் வந்த ‘காதல் கோட்டை'. ரயில் பயணத்தில் ஒரு பெண் தொலைத்த சான்றிதழ்களைக் கண்டெடுத்த முகம் தெரியாத ஒருவன், அவற்றைத் தபாலில் அனுப்பிவைக்கிறான். நன்றிக் கடிதத்தில் தொடங்குகிறது காதல். முகமே தெரியாதபோது, அழகும் அந்தஸ்தும் பார்த்து வந்த ஆசை என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அகத்தியனுக்குக் கிடைத்தது. ரயில் நிலையக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவார்களோ என்று தியேட்டரே பதறியது. அந்தப் படத்தில் பெண்ணை யாரும் துரத்தவில்லை என்பதைச் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஏனென்றால் துரத்துகிற படங்களை நாம் நிறையவே எடுத்துத் தள்ளியிருக்கிறோம். பஸ்ஸில் பார்த்த பெண்ணை வீடுவரை பின்தொடர்வது, மாட்டேன் என்றால் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுவது, அதைப் பாட்டுப் பாடிக் கொண்டாடுவது. திரையில் இது விளையாட்டு. காலை எட்டு மணி பஸ்ஸில் தினமும் ஒரே முகத்தைப் பார்க்க நேரும் கல்லூரி மாணவிக்கு அது படிப்பையே நிறுத்திவிடக்கூடிய விஷயம். வீட்டில் சொன்னால், "நீ போக வேண்டாம்" என்பதுதான் பல வீடுகளில் தீர்ப்பு. பெண்ணின் பயணமே முதலில் வெட்டப்படும்.

---
பெட்டிச் செய்தி
கதைக்கு வெளியே

ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். 2013-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவாக இருக்கிறது. முதல் முறை மூன்று ஆண்டு வரையும், மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறை.

ரயிலில் தொந்தரவு என்றால் 139-ஐ அழைக்கலாம். தனியாகப் பயணிக்கும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020-இல் ‘மேரி சஹேலி' திட்டத்தைத் தொடங்கியது. புறப்படும் நிலையத்தில் பெண் காவலர்கள் வந்து பேசி, சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு வழிநெடுக விசாரிப்பார்கள்.
---

ஆர்.ஏ.சி.யில் எழுத வேண்டிய கதை

பயணக் காதலை எழுதுவதற்கு இந்திய ரயில்வே ஒரு சீட்டையே ஒதுக்கிவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆர்.ஏ.சி. என்று டிக்கெட் வந்தால், சைடு லோயர் ஒன்றை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். முன்பின் அறியாத இருவர், எதிரெதிரே, ஒரே ஜன்னல். படுக்க ஒருவருக்குத்தான் இடம். யார் கால் நீட்டுவது, யார் உட்கார்ந்தே விடிய வைப்பது, டி.டி.ஆர். வந்து ஒரு பெர்த் காலி என்றால் அதை யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று இரவு முழுக்கச் சின்னச் சின்னப் பேரங்கள். இதில் ஒரு மனிதன் தன்னை எவ்வளவு மறைத்தாலும் விடிவதற்குள் தெரிந்துவிடும். காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவன் யார், பாதி சீட்டுக்கு மேல் பையை வைத்தவன் யார் என்பதைவிட நல்ல பாத்திர அறிமுகம் நாவலாசிரியருக்கு எங்கே கிடைக்கும்?

பிரதிலிபி போன்ற செயலிகளில் இன்று தமிழில் தொடர்கதை எழுதுகிறவர்களில் பெண்கள் ஏராளம். வேலைக்காகத் தனியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ராத்திரி பஸ் ஏறுகிற தலைமுறை இது. தட்கல் கிடைக்காத வெள்ளிக்கிழமையும், கோயம்பேடு போய் கிளாம்பாக்கம் வந்ததும், நள்ளிரவில் டிபனுக்கு நிற்கும் மோட்டலில் கழிப்பறை சாவிக்கு அலைவதும் இவர்களுக்கு அத்துப்படி. அந்த அனுபவம் கதைக்குள் வர வேண்டும். பலருடைய கதைகளில் கதாநாயகன் இன்னும் பென்ஸ் காரில் வந்து கையைப் பிடித்து இழுக்கிறான். அவன் கோபமே காதல் என்று கதாநாயகியும் புரிந்துகொள்கிறாள். லட்சக்கணக்கில் படிக்கிறார்கள் என்பது அதை எழுதுவதற்கு நியாயம் ஆகாது. சிரிக்கச் சிரிக்க எழுதலாம், கடைசிப் பக்கத்தில் கல்யாணமும் செய்துவைக்கலாம். அதற்கெல்லாம் நான் முதல் ரசிகை. நான் கேட்பது ஒன்றுதான்: அவள் ஒரு கதையிலாவது விழுப்புரத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு, திரும்பி ஏறலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கட்டும். அவள் வராவிட்டால், பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் விட்டுப்போன பையை அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் பத்திரமாக ஒப்படைக்கிறவனாக அவன் இருக்கட்டும்.